ஒரே தாளம், பல குரல்: ஜமைக்காவின் 'தீவாளி' ரிடிமை முன்வைத்து ஒரு திறனாய்வு

2003ஆம் ஆண்டு மே 10ஆம் தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல் 'கெட் பிஸி'. பாடியவர் ஜமைக்காவைச் சேர்ந்த ஷான் பால். மூன்று வாரம் அந்தப் பாடல் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. அதே ஆண்டில் வெய்ன் வொண்டர் என்ற இன்னொரு ஜமைக்கப் பாடகரின் 'நோ லெட்டிங் கோ' 11ஆம் இடம் வரை ஏறியது. நியூயார்க்கைச் சேர்ந்த லூமிடி என்ற இளம்பெண் பாடிய 'நெவர் லீவ் யூ' 3ஆம் இடத்தைத் தொட்டது. மூன்றும் வேறு வேறு குரல், வேறு வேறு மெட்டு, வேறு வேறு பொருள். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே வாத்தியத் தாளம்தான். அதை ஆக்கியவர் ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் என்ற ஜமைக்கக் கீபோர்டு கலைஞர். அந்தத் தாளத்துக்கு இடப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'தீவாளி'. ஆமாம், நம்ம தீபாவளியேதான். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் 'திவாலி' என்று எழுதலாம். ஆனால் வியாபாரம் செய்கிறவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் 'தீவாளி' என்றே குறிப்பிடுகிறேன்.

அந்த ஆண்டுகளில் கல்லூரியில் படித்த நம்ம பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிறார்கள். பாட்டின் பெயர் மறந்திருக்கலாம். அந்தக் கைதட்டல் ஓசையைக் கேட்டால் இப்போதும் கால் தன்னால் ஆடும். இருபது ஆண்டுக்கு மேல் ஒரு தாளம் இப்படி நிலைத்து நிற்கக் காரணம் என்ன? ஒரே தாளத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டால் அது சலித்துப் போக வேண்டாமா? இந்த இரண்டு கேள்விகளை முன்வைத்து, டான்ஸ்ஹால் என்னும் ஜமைக்க இசைவகையின் அடிப்படையைச் சற்றே நோக்குவோம்.

ரிடிம் என்பது யாது?

'ரிதம்' என்ற ஆங்கிலச் சொல் ஜமைக்க மக்கள் வாயில் 'ரிடிம்' ஆயிற்று. ஆனால் பொருள் வெறும் தாளம் மட்டுமல்ல. டிரம்ஸ், அதன்மேல் பேஸ் கிட்டார் வாசிக்கும் சுரத்தொடர், கூடவே ஒன்றிரண்டு கீபோர்டு ஒலிகள் – இவை எல்லாம் சேர்ந்த, பாட்டு இல்லாத வாத்தியப் பகுதி முழுவதற்கும் ரிடிம் என்று பெயர். நம்ம கணக்கில் தாளமும் சுருதியும் சுரமும் சேர்ந்த ஓர் அடித்தளம் என்று கொள்ளலாம். அதன்மேல் யார் வேண்டுமானாலும் தம்முடைய மெட்டில், தம்முடைய சொல்லில் பாடலாம். ஒரு ரிடிமுக்கு ஒரு பெயர் உண்டு. அதன்மேல் பாடப்பட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு.

டான்ஸ்ஹால் தாளங்களில் பெருவழக்காக உள்ள ஓர் அடிப்படைக் கணக்கை நம்ம சொற்கட்டில் எளிதாகச் சொல்லிவிடலாம். எட்டு எண்ணிக்கை. அதை நான்கு நான்காக வெட்டாமல், மூன்று, மூன்று, இரண்டு என்று வெட்டுகிறார்கள். 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். எட்டு என்ற சமமான எண்ணுக்குள் சமமில்லாத மூன்று துண்டுகள். அந்தச் சிறு கோணல்தான் உடம்பை உட்கார விடாமல் செய்கிறது.

பிறந்த கதை

1950களிலிருந்தே கிங்ஸ்டன் நகரில் ஏழை மக்களின் பொழுதுபோக்கு 'சவுண்ட் சிஸ்டம்'. வானொலிப் பெட்டியோ இசைத்தட்டுக் கருவியோ வாங்க வசதியில்லாதவர்கள், ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து நடத்தும் ஆட்டங்களுக்குக் காசு கொடுத்து வந்து ஆடினார்கள். ஆட்டம் நடந்த அந்தக் கூடங்களையும் திறந்த வெளிகளையும் குறித்த 'டான்ஸ்ஹால்' என்ற சொல் பிற்பாடு இசைவகைக்கே பெயராயிற்று.

1960களின் பிற்பகுதியில் ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட் என்பவருக்காக, டியூக் ரீட் என்பாரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு தட்டு வெட்டினார்கள். பாரகன்ஸ் குழு பாடிய பாட்டு அது. வெட்டும்போது பாடகர் குரல் விட்டுப்போய், வாத்தியம் மட்டும் பதிவாகிவிட்டது. ரெட்வுட் அதைத் தூக்கிப் போடவில்லை. ஆட்டத்தில் முதலில் பாட்டைப் போட்டு, அடுத்து குரலில்லாத தட்டைப் போட்டார். கூட்டம் தானே பாட ஆரம்பித்தது. அதற்குப்பின் இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் 'வெர்ஷன்' என்னும் வாத்தியம் என்பது வழக்கமாகிவிட்டது. 1970இல் யூ-ராய் என்பவர் அப்படிப்பட்ட பழைய வாத்தியங்களின்மேல் பேச்சும் பாட்டும் கலந்த தம் குரலை ஏற்றிப் பதிவு செய்து பெரும்புகழ் பெற்றார். 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரே ரிடிமின்மேல் அமைந்த பாடல்களை மட்டும் திரட்டி ஒரு முழு நீள இசைத்தட்டு வெளியிட்டார். 'யமாஹா ஸ்காங்க்' என்பது அதன் பெயர்.

இதில் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை, வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் – இவை ஒரு முறை செலவு. கிடைத்த ரிடிமின்மேல் இருபது பாடகர்களைப் பாட வைத்தால் இருபது சரக்கு. அதில் ரெண்டு விற்றாலும் முதல் வந்துவிடும். ஒரே பீஸ் துணியை எடுத்து இருபது அளவில் சட்டை தைத்து வைக்கிற கடைக்காரர் கணக்குதான். சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே ஜமைக்காவில் நெடுங்காலம் பெயரளவுக்கு இருந்தது. சொந்தமாகப் புதிய சட்டம் வந்தது 1993இல்தான்.

கணக்கு சரிதான். ஆனால் லாபம் வருகிறது என்பதற்காக மக்கள் ஒன்றை முப்பது, நாற்பது வருஷம் கேட்க மாட்டார்கள். வறுமை ரிடிமைப் பிறப்பித்திருக்கலாம். அதை வளர்த்தது வேறொன்று. அதைக் காண இரண்டு முன்னுதாரணங்களைப் பார்த்துவிட்டுத் தீவாளிக்கு வருவோம்.

இரண்டு முன்னோடிகள்

முதலாவது 'ரியல் ராக்'. 1967இல் கிங்ஸ்டன் பிரென்ட்ஃபோர்டு சாலையில், க்ளெமென்ட் 'காக்ஸன்' டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன் கூடத்தில், சவுண்ட் டைமென்ஷன் என்ற வாத்தியக் குழு பதிவு செய்தது. பேஸில் நாலைந்து சுரம்தான், திரும்பத் திரும்ப வரும். பத்தாண்டுக்குப் பிறகு இதே ரிடிமின்மேல் வில்லி வில்லியம்ஸ் 'ஆர்மகிடியன் டைம்' பாடினார். பசித்தவனைப் பற்றிய பாட்டு. அதை 1979இல் லண்டனின் 'கிளாஷ்' என்ற ராக் குழு எடுத்துப் பாடியது. அன்றுதொட்டு இன்றுவரை ரியல் ராக் மேல் வந்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது 'ஸ்லெங் டெங்'. இதன் கதை சுவையானது. ஜப்பானில் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்து, ரெகே இசை பற்றி ஆய்வேடு எழுதிய ஒகுடா ஹிரோகோ என்ற பெண்மணி 1980இல் காசியோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1981இல் வெளிவந்த காசியோ எம்.டி.-40 என்ற சின்னக் கீபோர்டுக்குள், பொத்தானை அழுத்தினால் தானே ஒலிக்கும் தாளங்களை அமைத்தவர் அவர். அதில் 'ராக்' என்ற பெயரில் ஒரு தாளம். ஜமைக்காவில் நோயல் டேவி என்பவரிடம் அந்தக் கீபோர்டு வந்து சேர்ந்தது. டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்தார்கள். வாட்டர்ஹவுஸ் பகுதியின் தயாரிப்பாளர் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். 1985 பிப்ரவரி 23ஆம் தேதி வால்தம் பார்க் சாலையில், பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற சவுண்ட் சிஸ்டத்துடன் நடந்த போட்டியில் அதை ஒலிக்கவிட்டார். கூட்டம் கொந்தளித்துவிட்டது. வாத்தியக்காரர்களே இல்லாமல், ஒரு பொம்மை மாதிரியான கருவியிலிருந்து வந்த தாளம் நாட்டின் இசையையே கணினி வழிக்குத் திருப்பிவிட்டது. டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் என்று ஒருவர் பின் ஒருவராக அதே தாளத்தில் பாடினார்கள்.

தாளத்தைப் போற்றும் நான் அந்த முதல் பாட்டின் பொருளைப் போற்றுவதற்கில்லை. அது கஞ்சாவின் புகழ் பாடுவது. கஞ்சா என்ற சொல்லே இந்தியக் கூலித் தொழிலாளர்கள் மூலம் ஜமைக்காவுக்குப் போனது என்பது நமக்கு அவ்வளவு பெருமை தரும் செய்தியல்ல. டான்ஸ்ஹால் பாடல்களில் ஆபாசமும், துப்பாக்கிப் பேச்சும், சில பிரிவினர்மேல் வெறுப்பும் நிறையவே உண்டு. ஆனால் ரிடிமின் சிறப்பே இங்கேதான் தெரிகிறது. ஒருவர் அதன்மேல் தீயதைப் பாடினால், தாளம் அதனால் கெட்டுப்போவதில்லை. அடுத்தவர் வந்து அதே தாளத்தில் நல்லதைப் பாடலாம். பாத்திரம் ஒன்றுதான், அதில் பாலையும் ஊற்றலாம், கள்ளையும் ஊற்றலாம். ஊற்றியவரைக் கேள்வி கேட்க வேண்டியது கேட்பவர் கடமை.

தீவாளியின் அமைப்பு

இப்போது தீவாளி ரிடிமுக்கு வருவோம். இது 2002இல் பரவத் தொடங்கியது. லண்டன் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் அந்த ஆண்டே இதன்மேல் அமைந்த பாடல்களைத் தொகுத்து வெளியிட்டுவிட்டது. உலகப் பட்டியலில் ஏறியது அதற்கடுத்த ஆண்டு.

பெயரைப் பார்த்துவிட்டு, நம்ம ராகம், நம்ம தபேலா உள்ளே இருக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான். பெயர் மட்டும்தான் நம்மிடமிருந்து போனது. ஆனாலும் அந்தப் பெயர் அங்கே எப்படிப் பழக்கமாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1845 மே 10ஆம் தேதி இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் வளைகுடாவில் கரை சேர்ந்தது. 1917 வரை இந்த ஆள்கடத்தல் நீடித்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யப் போனவர்கள் தங்கள் பண்டிகைகளையும் கொண்டுபோனார்கள். மே 10ஆம் தேதியை அந்நாட்டில் இந்தியர் வருகை நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். தீவாளி ரிடிம் உலகப் பட்டியலின் உச்சியைத் தொட்டதும் அதே மே 10 என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைத்துப் பார்க்க ருசியாக இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. தீவாளி பெற்ற வெற்றியின் சூட்டோடு சூடாக, கார்டெல் 'ஸ்காட்டா' பர்ரல் என்பவர் இன்னொரு கைதட்டல் ரிடிமை ஆக்கினார். 2004இல் நினா ஸ்கை சகோதரிகளின் 'மூவ் யா பாடி' அதன்மேல்தான் வெளிவந்தது. அதன் பெயர் 'கூலி டான்ஸ்'. கூலி என்ற சொல் தமிழிலிருந்து போனது என்போர் உண்டு. குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படியானாலும் ஜமைக்காவில் அது இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவே பலகாலம் வழங்கியது. உழைப்புக்குரிய ஊதியம் என்ற கண்ணியமான பொருளுள்ள ஒரு சொல், கடல் தாண்டி வசைச்சொல்லாகி, பிறகு உலகமே ஆடும் ஓர் ஆட்டத்தின் பெயராகி வந்திருக்கிறது. ஆடுகிற நம்ம பிள்ளைகள் இதைத் தெரிந்து ஆடட்டும்.

தீவாளியின் உயிர் அதன் கைதட்டலில் உள்ளது. வழக்கமான டான்ஸ்ஹாலில் டிரம்ஸும் பேஸும் முன்னால் நிற்கும். மார்ஸ்டனோ கைதட்டலை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தட்டல்களும் எதிர்பார்த்த இடத்தில் விழாமல், சற்று முந்தியும் பிந்தியும் நெருக்கமாக விழுகின்றன. கைதட்டல் என்பது வாத்தியம் கற்காதவனும் வாசிக்கும் வாத்தியம். கேட்பவன் தானும் அதில் ஒருவன் என்று எண்ணிக்கொள்கிறான். பஜனையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்று குரல்களை ஒப்பிட்டு நோக்கல்

ஷான் பால் இந்தத் தாளத்தின்மேல் மெட்டு என்று பெரிதாக எதையும் போடுவதில்லை. ஏறத்தாழ ஒரே சுரத்தில் நின்றுகொண்டு, சொற்களைத் தாளத்துக்குள் தாளமாக அடுக்குகிறார். பெண்கள் பெயர்களை வரிசையாக அழைக்கிறார். அவர் குரலே இன்னொரு டிரம் ஆகிவிடுகிறது. கைதட்டலுக்கும் குரலுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. கேட்பவனுக்கு மூச்சு வாங்குகிறது.

வெய்ன் வொண்டர் அதற்கு நேர்மாறு. நீளமான, இழையும் மெட்டு. கைதட்டல் துடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் அவர் அவசரமே இல்லாமல் காதலியைப் பற்றிப் பாடிக்கொண்டு போகிறார். கீழே ஓட்டம், மேலே நிதானம். அதே தட்டல்கள் இங்கே படபடப்பாக இல்லை, இதயத்துடிப்பாக மாறிவிடுகின்றன.

லூமிடியின் குரல் பயிற்சி பெற்ற குரலல்ல. சில இடங்களில் சுருதி நழுவுகிறது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் குறை சொல்லலாம், குறை உண்மைதான். ஆனால் அந்தப் பெண் தெருமுனையில் தோழிகளோடு நின்று கைதட்டிப் பாடுவது போன்ற ஒரு நெருக்கம் அதில் இருக்கிறது. அந்த ஏக்கத்துக்குத் தேர்ந்த குரல் பொருந்தியிருக்காது.

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பவுண்டி கில்லர் என்பவர் இதே ரிடிமில் 'சஃபரர்' என்று ஒரு பாட்டுப் பாடினார். கிங்ஸ்டன் ஏழைகளின் துன்பத்தைச் சொல்வது. அது உலகப் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் கொண்டாட்டத்துக்கென்றே செய்தது போலத் தோன்றும் ஒரு தாளம் புலம்பலையும் தாங்கும் என்று காட்டிய பாட்டு அதுதான். அதைக் கேட்ட பிறகு ஷான் பாலைக் கேட்டால், அதே கைதட்டலில் ஒரு கனம் கூடிவிட்டது போலத் தெரிகிறது. பின்னால் வந்தவர் பாட்டு முன்னால் கேட்டதையும் மாற்றிவிடுகிறது.

நிலைத்து நிற்பதன் காரணம்

இந்த ஒப்பீட்டிலிருந்தே என் முடிவு கிடைக்கிறது. ரிடிமின் கவர்ச்சி அது பொதுவாக இருப்பதால் குறையவில்லை. பொதுவாக இருப்பதால்தான் உண்டாகிறது. அடித்தளம் மாறாமல் இருந்தால்தான் அதன்மேல் நிற்பவர்களுக்குள் உள்ள வேற்றுமை காதுக்குத் தெரியும். நான்கு பாடகர்கள் நான்கு தாளத்தில் பாடினால், எது தாளத்தின் சிறப்பு, எது பாடகரின் சிறப்பு என்று பிரிக்க முடியாது. ஒரே தாளம் என்றால் சாமானியனும் பிரித்துவிடுவான்.

கிங்ஸ்டன் ஆட்டக் கூடத்தில் நடப்பதும் அதுதான். தட்டு போடுபவர் ஒரே ரிடிமில் அமைந்த பாடல்களை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறார். தாளம் நிற்காது, குரல் மட்டும் மாறும். பிடித்தால் கூட்டம் கூச்சல் போட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லும். பிடிக்காவிட்டால் அமைதி, அந்தப் பாட்டின் கதை அன்றோடு முடிந்தது. பட்டம் பெற்ற விமர்சகர் யாரும் அங்கே இல்லை. ஆனால் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒப்பிட்டு எடைபோடும் விமர்சகர்தான்.

சமணம் 'அநேகாந்தம்' என்று ஒரு கொள்கை சொல்கிறது. பொருள் ஒன்று, அதைக் காணும் பார்வை பல, எந்த ஒரு பார்வையும் முழுமையல்ல. ரிடிமைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஷான் பால் கண்டது தீவாளியின் ஒரு பக்கம். வெய்ன் வொண்டர் கண்டது வேறு பக்கம். எல்லாப் பக்கத்தையும் ஒருவரே பாடிவிட முடியாது. அதனால்தான் அடுத்தவருக்கு எப்போதும் இடமிருக்கிறது. (தீபாவளி எங்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.)

"ஒரே தாளத்தை எத்தனை பேர்தான் பாடுவது? சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்கள் வேலை இது" என்று சொல்வோர் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கலாம். திருத்தக்கதேவர் காப்பியத்துக்கு ஏற்றதாக்கிக் காட்டிய விருத்தத்தைத்தான் பின்னால் கம்பரும் சேக்கிழாரும் கையில் எடுத்தார்கள். அதற்காக அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொல்லுவார்களா? சொல்ல வேண்டியது புதிதாக இருந்தால், கலம் பழையதாக இருப்பதில் குற்றமில்லை. ரிடிமில் சோம்பேறிப் பாடல்கள் இல்லையா என்றால், ஏராளமாக உண்டு. இருபது பாட்டில் பதினைந்து பேர் முதல் பாடகரையே காப்பியடிக்கிறார்கள். ஆனால் அருகருகே வைத்துக் கேட்கும்போது அந்தப் பதினைந்தின் சாயமும் வெளுத்துவிடுகிறது. இங்கே திருட்டு மறையாது.

பங்கு யாருக்கு?

இதுவரை சொன்னதெல்லாம் பகிர்வின் சிறப்பு. மறுபக்கத்தைப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. பொதுச் சொத்து என்று சொல்லிக்கொண்டு உழைத்தவன் கூலியை மறந்துவிடும் பழக்கம் ஜமைக்க இசையில் ஆழமாக உண்டு. ஸ்டூடியோ ஒன் காலத்தில் வாத்தியக்காரர்களுக்குக் கிடைத்தது சம்பளம் மட்டும்தான். அவர்கள் வாசித்த நாலு சுரம் உலகம் சுற்றியபோது கூடவே பணம் சுற்றி வரவில்லை.

சிஸ்டர் நான்சி என்ற பெண்மணி 1982இல் 'பாம் பாம்' என்ற பாட்டைப் பாடினார். ஆன்சல் காலின்ஸ் 1973இல் வாசித்த 'ஸ்டாலாக்' ரிடிமின்மேல் அமைந்தது. உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ரெகே பாடல்களில் அதுவும் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு வங்கியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துப் பிழைத்தார். 2014இல் ஒரு காலணி விளம்பரத்தில் தம் குரலையே தொலைக்காட்சியில் கேட்ட பிறகுதான் வழக்கறிஞரை நாடி, தம் பங்கை ஓரளவு மீட்டார்.

இன்னொரு வழக்கு இதைவிடப் பெரியது. ஸ்டீலி, கிளீவி என்ற இருவர் 1989இல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற ரிடிமை ஆக்கினார்கள். அதன் வழிவந்த தாளத்தில் ஷாபா ராங்க்ஸ் 'டெம் போ' பாடினார். அந்தத் தாளம் பனாமா, நியூயார்க், போர்ட்டோ ரிக்கோ என்று பயணம் செய்து, 'ரெகேடோன்' என்ற ஸ்பானிய மொழி இசைக்கு முதுகெலும்பாயிற்று. 2021இல் கிளீவியும், 2009இல் மறைந்த ஸ்டீலியின் வாரிசுத் தரப்பும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு வளர வளர 1,600க்கும் மேற்பட்ட பாடல்கள் அதற்குள் வந்தன. ஒரு தாளத்துக்கு உரிமை கோர முடியாது, தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2024 மே மாதத்தில் நீதிபதி அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? கடையில் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பவன் என்ற முறையில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆக்கியவனுக்குப் பங்கு வர வேண்டும். அதில் ரெண்டு பேச்சில்லை. பிறர் தாளத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் போவது அபகரிப்பு. ஆனால் 'தகிட தகிட தக' என்ற கணக்கே ஒருவர் சொத்து என்று வேலி போட்டுவிட்டால், நாளைக்குப் பாட வருகிற ஏழைப் பையன் வேலிக்கு வெளியே நிற்பான். ஸ்டீலி-கிளீவியின் ரிடிமில் வந்த முதல் பாடல்களில் ஒன்றின் பெயர் 'போக்கோ மேன் ஜாம்'. 'போக்கோ' என்பது ஜமைக்கக் கறுப்பின மக்களின் ஒரு வழிபாட்டு மரபு. அந்த முரசொலியை முதலில் அடித்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கடன் வாங்காமல் யாரும் கடன் கொடுக்கவில்லை.

காசியோ கீபோர்டுக் கதையைத் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். ஸ்லெங் டெங் தாளம் தம்முடையது என்று தெரிந்த பிறகும் அந்த நிறுவனம் பாடகர்களிடம் கட்டணம் கேட்டுப் போகவில்லை. ஒகுடா அம்மையாரும் மகிழ்ச்சிதான் தெரிவித்தார். அவர்களுக்குக் கீபோர்டு விற்ற லாபம் இருந்தது, பெருந்தன்மை எளிது. வாட்டர்ஹவுஸ் சந்தில் வாழும் டிரம்மருக்கு அந்த லாபம் இல்லை. பெருந்தன்மையை அவனிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது. பொருளைப் பற்றிக்கொள்ளாதே என்று அறம் சொல்வது உடையவனுக்கு. இல்லாதவனிடமிருந்து பிடுங்குவதற்கு அது சாக்கு அல்ல. பகிர்வு நீடிக்க வேண்டுமானால், தாளத்தை யாரும் எடுக்கலாம், எடுத்தவர் ஆக்கியவர் பெயரைச் சொல்லி நியாயமான பங்கைக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் வழி.

முடிவாக

2018இல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது. நல்ல காரியம். ஆனால் ரிடிம் பட்டியலில் இடம்பெற்று வாழ்வதில்லை. அடுத்த குரல் வந்து ஏறும்போது வாழ்கிறது.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, மேலே சொன்ன நான்கு பாடல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். இருபது நிமிஷம்கூட ஆகாது. முதல் பாட்டில் பாடகரைக் கேட்போம். இரண்டாவதில் தாளத்தைக் கேட்போம். மூன்றாவது வரும்போது இரண்டையும் பிரித்துக் கேட்கக் காது தானே பழகிவிடும். எது உங்களுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று பிள்ளைகளோடு வாதம் பண்ணுங்கள். அப்புறம் பாடியவர் பெயரோடு, அந்தக் கைதட்டலைச் செய்த ஸ்டீவன் மார்ஸ்டன் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.